பைக் டிஸ்க் பிரேக்: பேட் மாற்றுவது, ஏர் எடுப்பது

டிஸ்க் பிரேக் வேலை பழகுபவர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் லீவரைப் பிடித்துப் பார்க்கப் பழக வேண்டும். உள்ளே என்ன கோளாறு என்பதை முக்கால்வாசி அதுவே சொல்லிவிடும்.

பிடித்தால் மெத்தென்று இருக்கிறது, நாலு முறை அடித்தால் கெட்டியாகிறது என்றால் பெரும்பாலும் லைனில், அதாவது பிரேக் ஆயில் போகும் வழியில், காற்று. கெட்டியாகப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது லீவர் மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கினால், முதலில் ஹோஸ், காலிப்பர் (பேட்டால் டிஸ்க்கை நெரிக்கும் பாகம்), நிப்பிள் (காற்றும் ஆயிலும் வெளியேறத் திறக்கும் காலிப்பர் ஸ்க்ரூ) எங்கேனும் ஈரம் தெரிகிறதா பாருங்கள். எங்கும் கசிவு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் (லீவர் அழுத்தும் பம்ப்) இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் அதைத் தாண்டிப் பின்னால் போகிறது. அந்த வண்டிக்கு எத்தனை முறை ஏர் எடுத்தாலும், அதாவது லைனிலுள்ள காற்றை வெளியேற்றினாலும், பயனில்லை. மாஸ்டர் சிலிண்டர் கிட் மாற்ற வேண்டும்.

லீவர் நன்றாக இருக்கிறது, ஆனால் வண்டியைத் தள்ளினால் சக்கரம் இழுத்துப் பிடிக்கிறது என்பது வேறு வகை. இதில் குழம்ப வேண்டாம். இழுத்துப் பிடிக்கும் நிலையிலேயே நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து பாருங்கள். சொட்டு ஆயில் வெளியே வந்து சக்கரம் உடனே லேசானால், அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது: மாஸ்டர் சிலிண்டரின் திரும்பு துளை (மேலே உள்ள ஆயில் கிண்ணமான ரிசர்வாயருக்கு ஆயில் திரும்பும் வழி) அடைத்திருக்கும், அல்லது லீவருக்கு விளையாட்டே (பிடிக்கத் தொடங்கும் முன் இருக்கும் தளர்வு) இல்லாமல் இறுகியிருக்கும். திறந்தும் இறுக்கம் போகவில்லை என்றால் காலிப்பருக்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டன் சிக்கியிருக்கிறது, இல்லையேல் காலிப்பர் நகரும் ஸ்லைடு பின் காய்ந்துவிட்டது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் மாஸ்டர் சிலிண்டரையும் காலிப்பரையும் ஒருசேரப் பிரிப்பது வாடிக்கையாளரின் காசுக்குக் கேடு.

சாதாரணமாகப் பிரேக் பிடிக்கும்போதே லீவர் துடித்தால் டிஸ்க் கோணியிருக்கிறது, அல்லது ஓரிடத்தில் தடிமனும் ஓரிடத்தில் மெலிவுமாகத் தேய்ந்திருக்கிறது. ஆட்டம் 0.3 மி.மீ.-க்கு மேல் போனால் டிஸ்க்கை மாற்றச் சொல்லும் மேனுவல்களே அதிகம். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளக்கும்போது விளிம்பில் தேயாமல் நிற்கும் வரம்பை விட்டு, பேட் உரசும் இடத்தில் நாலைந்து புள்ளிகளில் மைக்ரோமீட்டர் வைத்து அளங்கள்.

உள்ளே நடப்பது

பிரெடரிக் லான்செஸ்டர் 1902-இல் பிரிட்டனில் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921-இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் 1953-இல் லெ மான் பந்தயத்தை வென்றது; 1969-இல் ஹோண்டா சிபி750 முன்சக்கர டிஸ்க்கோடு வந்தபின் பைக்குகளிலும் அது பரவத் தொடங்கியது. இவ்வளவு ஆண்டுகளில் உலோகக் கலவையும் பேட்டின் மருந்தும் (டிஸ்க்கில் உரசும் பொருள்) மாறியிருக்கின்றன. அடைபட்ட திரவத்தின் ஒரு முனையை அழுத்தினால் அந்த அழுத்தம் மறுமுனைக்கு அப்படியே போகும் என்ற பாஸ்கல் விதி மட்டும் மாறவில்லை.

கணக்கு எளிது. மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 12.7 மி.மீ. விட்டம், காலிப்பர் பிஸ்டன் 34 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பளவு ஏறத்தாழ 7 மடங்கு, ஆகவே விசையும் 7 மடங்கு. அதற்கு விலையாக, காலிப்பர் பிஸ்டன் 1 மி.மீ. நகர மாஸ்டர் பிஸ்டன் 7 மி.மீ. நகர வேண்டும். கடுகளவு காற்றுக்குமிழி லைனில் இருந்தால் ஏன் இவ்வளவு தொல்லை என்பது இதில் புரியும். ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். லீவர் நகரும் கொஞ்ச தூரத்தையும் குமிழி தின்றுவிடும்.

டிஸ்க் பிரேக்கில் மிக அழகான கண்டுபிடிப்பு எது என்று கேட்டால், காலிப்பர் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீலைத்தான் காட்ட வேண்டும். பிஸ்டன் முன்னே போகும்போது சீல் அதனோடு சேர்ந்து கொஞ்சம் வளைகிறது. லீவரை விட்டதும் அது நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுத்துவிடுகிறது. ஸ்பிரிங் எதுவும் இல்லை. பேட் தேயத் தேய, பிஸ்டன் சீலுக்குள் வழுக்கி முன்னே ஓரிடத்தில் நின்றுகொள்ளும். அதனால்தான் டிரம் பிரேக்கில் இருப்பதுபோல் இங்கே அட்ஜஸ்ட்மென்ட் நட் கிடையாது. பிஸ்டனில் துரு ஏறினாலோ சீல் உப்பினாலோ இந்த மயிரிழை நகர்வு நின்றுபோய், பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. பேட் தேய்ந்து பிஸ்டன் முன்னே வர வர, அந்த இடத்தை நிரப்ப ரிசர்வாயரிலிருந்து ஆயில் இறங்கும். ஆகவே மட்டம் குறைந்தால் புட்டியைத் தேடாதீர்கள், முதலில் பேட்டைப் பாருங்கள். தேய்ந்த பேட்டோடு மேல் கோடு வரை ஊற்றி வைத்தால், புதுப் பேட் போடப் பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் வழிந்து டேங்க் பெயின்டை உரித்துவிடும்.

எந்த ஆயில்

புட்டி மேல் டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று போட்டிருப்பவை கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது இவற்றின் இயல்பு. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். டாட் 3-க்கு 205, 140. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆளோடு பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் காலிப்பர் கொதிக்கும். ஈரம் ஏறிய பழைய ஆயில் அங்கே ஆவியாகும். ஆவி, காற்றைப் போலவே சுருங்கும். லீவர் திடீரென்று கைப்பிடியில் போய் முட்டுவது இதனால்தான். இறக்கத்தில் சிறிய கியரில் வர வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணமும் இதுவே.

மூடியில் எந்த எண் பொறித்திருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிகான் வகை. எண் நெருக்கமாக இருப்பதால் டாட் 5.1 என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம், கிளைக்கால் ஆயிலோடு அதைக் கலக்கவே கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் முழுதையும் மாற்றுவது சரியான கணக்கு. கடலோர ஊர்களில் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எஞ்சின் ஆயில், டீசல், பெட்ரோல், சாதாரண கிரீஸ் இவற்றில் எதுவும் உள்ளே போகக் கூடாது. பிரேக் ரப்பர்கள் பெட்ரோலியப் பொருள் பட்டால் உப்பிவிடும். எஞ்சின் ஆயில் இருந்த புனலால் பிரேக் ஆயில் ஊற்றிய வண்டிக்கு, சில நாளில் சீல், கப், டயாபிரம் எல்லாவற்றையும் மாற்ற நேரும்.

தேவையானவை

நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர், பெரும்பாலான வண்டிக்கு 8 நம்பர். ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம், முனை மழுங்கிவிடும். காலிப்பர் போல்டுக்கு 12 அல்லது 14 நம்பர், சிலதில் எல் கீ. நிப்பிளில் இறுக்கமாக உட்காரும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் அரை மீட்டர், மூடியில் ஓட்டை போட்ட பழைய புட்டி, மருந்துக்கடைச் சிரிஞ்ச், நூல் பிரியாத துணி, பிரேக் கிளீனர் அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹால், சிலிகான் கிரீஸ், சீல் உடைக்காத 250 மி.லி. ஆயில் புட்டி, ஒரு வாளி தண்ணீர். தண்ணீர் எதற்கென்றால், பெயின்டில் ஆயில் சிந்தினால் துணியால் துடைத்துத் தேய்க்காமல் உடனே நீரூற்றிக் கழுவ வேண்டும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ரிசர்வாயர் மூடியின் இரண்டு ஸ்டார் ஸ்க்ரூக்களில்தான் புதியவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் அந்தக் குழி சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. வழுக்கித் தலை மழுங்கும். குழியில் சரியாக உட்காரும் முனையை வைத்து, ஸ்க்ரூடிரைவரின் பின்புறத்தை மரச்சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, நன்றாக அழுத்தியபடி திருப்புங்கள்.

பேட் மாற்றுவது

பேட்டின் நடுவே இருக்கும் தேய்மானக் கோடு மறைந்துவிட்டாலோ, மருந்து 1 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டாலோ மாற்ற வேண்டும். கழற்றியதும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் இருக்கும் காலிப்பரில், பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின் ஓடவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் புதுப் பேட் போட்டால் அதுவும் அப்படியே போகும்.

1. ரிசர்வாயர் மட்டத்தைப் பாருங்கள். மேல் கோட்டருகே இருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

2. காலிப்பர் வண்டியில் இருக்கும்போதே பேட் பின்னை லேசாகத் தளர்த்திவிடுங்கள். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தளர்த்துவது சிரமம்.

3. காலிப்பரைக் கழற்றுங்கள். ஹோஸில் தொங்க விடாமல் கயிற்றால் கட்டி வையுங்கள். இனி பேட் போடும்வரை லீவரைத் தொடக் கூடாது. தொட்டால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

4. பழைய பேட்டையும் ஸ்பிரிங் தகட்டையும் எடுங்கள். தகடு எந்தப் பக்கம் எப்படி உட்கார்ந்திருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. தலைகீழாகப் போனால் பேட் ஆடிச் சத்தம் வரும்.

5. பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன் அதன் வெளியே தெரியும் பாகத்தை பழைய டூத் பிரஷும் சோப்பு நீரும் கொண்டு சுற்றிலும் கழுவித் துடையுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அழுக்கோடு தள்ளினால் மணலும் பேட் தூளும் சீலைக் கிழிக்கும். காலிப்பர் ஒழுகத் தொடங்குவது அங்கிருந்துதான். பேட் தூளை ஏர் பிடித்து ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கேடு.

6. பழைய பேட்டைப் பிஸ்டன்மேல் வைத்து, கட்டைவிரலால் நேராக, மெதுவாகத் தள்ளுங்கள். சாய்ந்தால் நிறுத்தி நேராக்குங்கள். இரண்டு பிஸ்டன் இருந்தால் ஒன்றைத் தள்ளும்போது மற்றது வெளியே வரும். அதையும் பிடித்துக்கொள்ள வேண்டும். ரிசர்வாயர் மட்டம் ஏறுவதைக் கவனித்துக்கொண்டே செய்யுங்கள்.

7. ஸ்லைடு பின்னைப் பழைய கிரீஸ் போகத் துடைத்து, சிலிகான் கிரீஸ் மெல்லிய படலமாகத் தடவுங்கள். ரப்பர் பூட் கிழிந்திருந்தால் மாற்றுங்கள், அதன் வழியாகத்தான் மழைநீர் உள்ளே போகிறது.

8. டிஸ்க்கைக் கிளீனரால் துடைத்து, புதுப் பேட் போட்டு, காலிப்பரைப் பூட்டுங்கள். 8 மி.மீ. தடிமன் காலிப்பர் போல்டுக்குப் பெரும்பாலும் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் இறுக்கம். உங்கள் வண்டியின் மேனுவலில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை.

9. வண்டியை நகர்த்துவதற்கு முன் லீவரைக் கெட்டியாகும்வரை அடியுங்கள். பேட் மாற்றியபின் முதல் பிடியில் லீவர் கைப்பிடிவரை போகும், ஏனென்றால் பிஸ்டன் பின்னால் இருக்கிறது. இதை மறந்து கடை வாசலிலிருந்து ரோட்டில் இறங்கியவர்கள் நேராக எதிரே வரும் வண்டியில்தான் முட்டுவார்கள். அடிக்காத லீவரோடு சாவியை வாடிக்கையாளர் கையில் கொடுக்காதீர்கள்.

புதுப் பேட் டிஸ்க்கோடு படியக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். நெரிசல் இல்லாத சாலையில் 40 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்கு மிதமாகப் பிடித்துக் குறைப்பதை, இடையிடையே ஆறவிட்டு, இருபது முறை போலச் செய்யுங்கள். முதல் நாளே சக்கரம் நிற்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்தால் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்து, கீச்சுச் சத்தம் நிரந்தரமாகிவிடும். ஆயில் குடித்த பேட்டை நெருப்பில் வாட்டிப் போடுவது சில இடங்களில் வழக்கம். செய்ய வேண்டாம். மேலே காய்ந்தாலும் உள்ளே ஊறியது சூடேறும்போது மறுபடி வெளியே வரும்.

ஏர் எடுத்து ஆயில் மாற்றுவது

ஹேண்டில்பாரைத் திருப்பி ரிசர்வாயர் சமமாக நிற்கும்படி வையுங்கள். டேங்கை ஈரத்துணியால் மூடுங்கள். மூடியைத் துடைத்த பிறகே கழற்றுங்கள். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் டயாபிரம், ஆயில் இறங்கும்போது கூடவே இறங்கி, வெளிக்காற்று ஆயிலைத் தொடாமல் காக்கிறது. பழைய ஆயிலைச் சிரிஞ்சால் எடுத்து, அடியில் படிந்திருக்கும் கறுப்பைத் துணியால் துடைத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் அந்த அழுக்கு முழுதும் லைன் வழியாகவே போக வேண்டியிருக்கும்.

ரிங் ஸ்பேனரை முதலில் நிப்பிளில் மாட்டி, அதன்பின் டியூபைச் செருகுங்கள். டியூப் நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கி எழுந்து, பிறகு புட்டிக்குள் இறங்க வேண்டும். முனை புட்டியிலுள்ள ஆயிலில் மூழ்கியிருக்க வேண்டும். இனி வரிசை இதுதான்: லீவரை மூன்று நாலு முறை மெதுவாக அழுத்தி, பிடித்துக்கொள்ளுங்கள். நிப்பிளைக் கால் சுற்றுத் திறங்கள். லீவர் இறங்கும். இறங்கி முடிவதற்குள் நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகே லீவரை விடுங்கள்.

நிப்பிள் திறந்திருக்கும்போது லீவரை விட்டால் வெளிக்காற்றை அது உள்ளே உறிஞ்சும். எடுத்த காற்றைத் திரும்ப உள்ளே விடுவது இப்படித்தான். வேகவேகமாக அடிப்பதும் தவறு. பெரிய குமிழி உடைந்து நுரையாகிவிட்டால் அது வெளியேற நேரமாகும்.

நாலைந்து தடவைக்கு ஒருமுறை ரிசர்வாயரைப் பாருங்கள். கீழ்க் கோட்டுக்கும் கீழே இறங்கித் துளை தெரிந்துவிட்டால், லைன் மேலிருந்து காற்றை இழுத்துவிடும், எல்லாம் முதலிலிருந்து. டியூபில் வரும் ஆயில் காப்பி நிறம் மாறிப் புது ஆயிலின் நிறத்துக்கு வந்து, குமிழியும் நின்ற பிறகு நிப்பிளை இறுக்குங்கள். 5 முதல் 8 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது ஸ்பேனரைக் குட்டையாகப் பிடித்து ஒரு கை அழுத்தம். நடுவே ஓட்டை உள்ள மெல்லிய ஸ்க்ரூ அது. பலம் காட்டினால் உடைந்து பாதி காலிப்பருக்குள் தங்கிவிடும். மேல் ரப்பர் தொப்பியைப் போட மறக்காதீர்கள். அது இல்லாத நிப்பிள்தான் துருவேறி அடுத்த முறை அசையாமல் நிற்கிறது.

பல ஆண்டு ஓடிய வண்டியில் ஒரு எச்சரிக்கை. லீவரைக் கைப்பிடி முட்டும்வரை இறக்கினால், மாஸ்டர் பிஸ்டனின் கப் என்றைக்கும் போகாத ஆழத்துக்குப் போகும். அங்கே படிந்திருக்கும் துரு அதன் உதட்டைக் கிழிக்கும். ஏர் எடுக்கும்முன் நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் அன்றைக்கே பிடிக்காமல் போவது இதனால். லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு விரல் தடிமன் மரத்துண்டை வைத்துவிட்டு வேலை செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் செய்தும் லீவர் மெத்தென்றே இருந்தால், குமிழி மேலே நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். லைனின் மிக உயரமான இடம் மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் பேஞ்சோ போல்ட் (நடுவே ஆயில் போகும் துளையுள்ள போல்ட்). காற்று மேலே ஏறும் பொருள், நாம் அதைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறோம். லீவரை அரை அங்குலம் மட்டும் அழுத்தி அழுத்தி விடுங்கள். ஹோஸைக் கீழிருந்து மேலாக ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே செய்தால், திரும்பு துளை வழியாகப் பொடிக் குமிழிகள் ரிசர்வாயருக்குள் வரும். அதுவும் போதவில்லை என்றால் பேஞ்சோ போல்டைச் சுற்றித் துணி வைத்து, லீவரைப் பிடித்தபடி அதை மயிரிழை தளர்த்தி உடனே இறுக்குங்கள். போல்டை முழுதாகக் கழற்றினால் இரண்டு பக்க வாஷரும் புதிதாகப் போட வேண்டும். ஒருமுறை நசுங்கியது மறுமுறை அடைக்காது.

காற்று துளியும் இல்லை, ஆனாலும் மெத்தென்று இருக்கிறது என்றால் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டு இன்னொருவரை லீவரை அழுத்தச் சொல்லுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் விரலுக்குள் உப்புவது தெரியும். மாற்றிவிடுங்கள்.

ஏபிஎஸ், சிபிஎஸ் வண்டிகள்

ஏபிஎஸ் என்பது பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது, சிபிஎஸ் என்பது ஒரே லீவரால் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பது. இந்தியாவில் 2019 ஏப்ரலில், விற்கும் புது வண்டிகளில் 125 சி.சி.-க்கு மேல் ஏபிஎஸ்ஸும், 125 சி.சி. வரை சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ்ஸும் கட்டாயமாக்கப்பட்டது. ஏபிஎஸ் வண்டியிலும் வெறும் ஆயில் மாற்றத்துக்கு மேலே சொன்ன முறையே போதும், ரிசர்வாயர் காலியாகாமல் பார்த்துக்கொண்டால். மாடுலேட்டருக்குள் (ஏபிஎஸ்ஸின் வால்வும் பம்ப்பும் இருக்கும் பெட்டி) காற்று புகுந்துவிட்டால்தான் கஷ்டம். உள்ளே இருக்கும் வால்வுகள் மூடியிருப்பதால் லீவரை அடித்து அந்தக் காற்றை எடுக்க முடியாது. ஸ்கேனர் மாட்டிப் பம்ப்பை ஓட்ட வேண்டும். அந்த வசதி இல்லாத கடை, இருக்கும் கடைக்கு அனுப்பிவிடுவதே மரியாதை. காலிப்பர் கழற்றும்போது சக்கர வேக சென்சாரின் ஒயரை இழுக்காதீர்கள், அந்தச் சென்சார் படிக்கும் பல் வளையத்தில் ஸ்க்ரூடிரைவர் முட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு பல் வளைந்தாலே ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரியும்.

சிபிஎஸ் ஸ்கூட்டரில் இடது லீவர் பின் டிரம்மையும் முன் பிரேக்கையும் சேர்த்து இயக்கும். பின் கேபிளில் விளையாட்டு அதிகமானால் முன், பின் பங்கீடு கெடும். அதனால் முன் பிரேக் வேலை முடிந்ததும் பின் அட்ஜஸ்ட்மென்ட்டையும் பார்த்துவிடுங்கள்.

வெளியே விடுவதற்கு முன்

ரிசர்வாயரை மேல் கோடு வரை நிரப்பி, டயாபிரத்தின் மடிப்புகளைச் சமமாக்கி, மூடியைப் பூட்டுங்கள். ஸ்க்ரூ முட்டியதும் நிறுத்துங்கள், அது இறங்கும் மரை பெரும்பாலும் அலுமினியம். லீவரை முழுப் பலத்தோடு அரை நிமிடம் பிடித்திருங்கள், இறங்கக் கூடாது. பிடித்திருக்கும்போதே நிப்பிள், பேஞ்சோ இரண்டிலும் டிஷ்யூ வைத்து ஈரம் பாருங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி ஹோஸ் இழுபடாததை உறுதி செய்யுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் லேசான உரசலோடு சுற்ற வேண்டும், பிரேக் விளக்கு எரிய வேண்டும். பிறகு தள்ளிக்கொண்டே பிடித்துப் பாருங்கள், அடுத்து காலியான இடத்தில் 20 கி.மீ. வேகத்தில். முதல் சில வண்டிகளை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டிய பிறகே வெளியே விடுங்கள்.

எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் தனியாகச் சேர்த்துக் கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். டியூபிலிருந்து வந்தது பார்க்கத் தெளிவாக இருந்தாலும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. திறந்த புட்டியில் மிச்சம் இருப்பதை அடுத்த மாத வண்டிக்கு என்று அலமாரியில் வைக்க வேண்டாம். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் ஆயிலில்தான் போய்ச் சேரும். அன்றைக்கு வேறு வண்டி இல்லையென்றால் அதையும் கழிவோடு சேர்த்துவிடுங்கள்.